உதிர்ந்த இறகு போதுமா?

கேள்வி: அருகிவரும் பறவையினம் ஒன்றின் குரோமோசோம், டிஎன்ஏ இரண்டையும் ஆராயப் போகிறேன். காப்பகத்தில் இருப்பவை சில பறவைகள்தான். உதிர்ந்த இறகுகளைப் பொறுக்கி ஆல்கஹாலில் போட்டு வைத்தால் போதுமா?

பதில்: டிஎன்ஏவுக்குப் பெரும்பாலும் போதும். குரோமோசோமுக்குப் போதவே போதாது.

செல் பிரியும் நேரத்தில்தான் குரோமோசோம்கள் சுருண்டு தனித்தனியாகத் தெரியும். அதனால் உயிருள்ள செல் வேண்டும். ஆல்கஹாலில் விழுந்தது இனிப் பிரியாது. வளர்ந்துகொண்டிருக்கும் இளம் இறகின் அடிச்சதையோ, ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்திட்ட குழாயில் எடுத்த புது ரத்தமோ, குளிரில் ஐஸாகிவிடாமல் ஆய்வகம் போய்ச் சேரவேண்டும். அங்கே செல்களை வளர்த்து, கோல்சிசின் சேர்த்துப் பிரிவைப் பாதியில் நிறுத்திச் சாயமேற்றுவார்கள். எண்ணுவதுதான் பெரும்பாடு. பெரும்பாலான பறவைகளுக்கு 80 வாக்கில் இருக்கும், கோழிக்கு 78. பாதிக்கு மேல் வெறும் புள்ளிகள். ஒரு செல்லை எண்ணிவிட்டு முடிவு எழுதிவிடாதீர்கள்.

டிஎன்ஏ அவ்வளவு படுத்தாது. நம்முடையதைப் போலன்றி, பறவையின் சிவப்பணுவில் டிஎன்ஏ இருக்கும் உட்கரு உண்டு. ஒரு சொட்டு ரத்தமே தாராளம். ஆனால் அதை ஈடிடிஏ (இதுவும் ரத்தம் கட்டாமல் தடுப்பதுதான்) குழாயிலோ ஆல்கஹாலிலோ எடுங்கள், டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையை ஹெப்பாரின் கெடுக்கும். இதைக் கவனிக்காமல் மாதிரியை வீணாக்கியவர்கள் ஏராளம். இறகு என்றால் காகித உறையில் உலர்வாக வையுங்கள். பலரும் அடி நுனியை மட்டும் வெட்டுவார்கள். இறகுத் தண்டில் மயிர் தொடங்கும் இடத்தில் காய்ந்த ரத்தத் துணுக்கு ஒன்று இருக்கும், அதில்தான் நல்ல டிஎன்ஏ கிடைக்கும். குஞ்சு பொரித்த பின் முட்டையோட்டில் ஒட்டியிருக்கும் சவ்வையும் தூக்கிப் போடாதீர்கள்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? ஆணா பெண்ணா என்பதிலிருந்து. பறவைகளில் பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் பெட்டைக்கு இசட், டபிள்யூ. சேவலுக்கு இரண்டும் இசட். சிஎச்டி1 மரபணுவை வைத்து இதைப் பெரும்பாலான இனங்களில் சொல்லிவிடலாம். அப்புறம் யாருக்கு யார் உறவு என்பது. காப்பகப் பதிவேட்டை மட்டும் நம்பாதீர்கள். கலிஃபோர்னியா காண்டோர் கழுகுகளின் டிஎன்ஏவை ஒப்பிட்டபோது, இரண்டு ஆண் குஞ்சுகளுக்குத் தகப்பனே இல்லை என்று தெரியவந்தது. 2021-இல் அது வெளியானது. தாய்ப்பறவைகள் ஆண்களுடன்தான் இருந்தன, ஆனாலும் கருவுறாத முட்டையிலிருந்தே அவை பிறந்திருந்தன.

ரத்தத்துக்கென்று தனியாகப் பறவையைப் பிடிக்க வேண்டாம். முன் அனுமதி வாங்கி வைத்துக்கொண்டு, கால்நடை மருத்துவர் பரிசோதனைக்குப் பிடிக்கும் நாளில் இரண்டு குழாய்களோடும் போய் நில்லுங்கள்.