வானம் தெளிவாக இருந்தும் ராக்கெட் ஏவுதல் ஏன் தள்ளிப்போனது?

"80 சதவீதம் சாதகம் என்றார்கள், தலைக்கு மேல் மேகமே இல்லை, கடைசியில் வானிலை சரியில்லை என்று நிறுத்திவிட்டார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ராக்கெட் ஏவும் இடமான கேப் கனாவரல் வரை போய் ஏமாந்தால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

அந்த 80 சதவீதம் மழைக் கணக்கு இல்லை. ஏவுதளத்து வானிலை விதிகள் எதுவும் மீறப்படாமல் இருப்பதற்கான வாய்ப்பு, அவ்வளவுதான். மேல்மட்டக் காற்று பெரும்பாலும் அதில் சேராது, வானிலை முன்னறிவிப்பில் தனி வரியாகப் போட்டிருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் வேகம் சட்டென்று மாறினால் ராக்கெட்டின் உடல் தாங்காது. பலூன் விட்டு அதை அளக்கிறார்கள். கீழே உங்களுக்கு இலைகூட அசையாது! உங்கள் விஷயத்தில் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

மேகம் இருந்தால் கதை வேறு. 1969 நவம்பரில் நிலவுக்குப் போன அப்போலோ 12 கிளம்பி 36 நொடியில் ஒரு மின்னல், 52 நொடியில் இன்னொன்று. பக்கத்தில் இயற்கையாக மின்னல் எதுவும் இல்லை. ராக்கெட்டும் அதன் நீண்ட நெருப்பு வாலும் மேகத்துக்குள் கம்பி நட்ட மாதிரி ஆகி, தாமே மின்னலை வரவழைத்துக்கொண்டன. இடி மின்னல் இல்லாத மேகத்துக்கும் விதி இருப்பது இதனால்தான்.

அடுத்த முறை சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். அதற்குக் கீழே மேல்மட்டக் காற்று, பூஸ்டர் (ராக்கெட்டின் கழன்று திரும்பும் கீழ்ப்பகுதி) இறங்கும் கடல் பகுதி என்று வரும் வரிகளையும் படியுங்கள். அப்புறம், ஏவுவதற்கான நேரம் ஒரே ஒரு நொடியா, சில மணி நேரமா என்றும் பாருங்கள். ஒரு நொடிதான் என்றால் மேகம் நகரும்வரை காத்திருக்க வழியில்லை. நான் மறுநாளுக்கும் அறை எடுத்துவிடுவேன்.