முன்னுரையை எப்போது எழுதுவது?

அன்புள்ள ஐயா,

நான் முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குடிமைப் பணித் தேர்வுக்கும் தயாராகிறேன். தேர்வுக்குக் கட்டுரை எழுதிப் பழகும்போது குறிப்புச் சட்டகம் போட்டுக்கொண்டு தடையின்றி எழுதிவிடுகிறேன். அதே பழக்கத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையைத் தொடங்கினேன். மூன்று வாரமாக முன்னுரையைத் தாண்ட முடியவில்லை. கல்லூரி மலருக்காக அதே ஊருக்குப் போய்வந்த அனுபவத்தை எழுதியபோதோ, சட்டகமே இல்லாமல் ஒரே இரவில் முடிந்தது. இப்படிக் கட்டுரைக்குக் கட்டுரை முறை மாறுவது என் குறையா? இரண்டையும் இணைத்திருக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

குறையே இல்லை. மாறாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். இந்த மூன்றையும் நாம் ‘கட்டுரை’ என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பள்ளியில் தலைப்பிட்டுப் பழகிய கை, எதை எழுத உட்கார்ந்தாலும் முதலில் முன்னுரையைத் தேடுகிறது.

தேர்வில் அது சரி. மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 1000 முதல் 1200 சொற்கள். நான்காம் பக்கத்தில் மனம் மாறினால் முதல் பக்கத்துக்குத் திரும்ப நேரம் கிடையாது. போய்ச் சேரும் இடம் பேனாவைத் திறக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

ஆய்வுக் கட்டுரையில் அந்த இடம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஆய்வு எதற்கு? உங்கள் முன்னுரை, ‘இன்றைய தேர்தல் முறையின் முன்னோடி உத்திரமேரூர்’ என்று தொடங்குகிறது. இனி கல்வெட்டைப் பாருங்கள். சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 14ஆம் ஆட்சியாண்டு, அதாவது 921. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, உறுப்பினரை எடுக்கும் விதிகள் இவை. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. ஊரின் பிரிவுகளான முப்பது குடும்புகளிலும் பெயர் எழுதிய ஓலைகளைத் திரட்டிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்கிறார்கள். இதில் வாக்களித்தவர் யார்? இது திருவுளச்சீட்டு, குலுக்கல் முறை. உங்கள் முதல் வரியும் கல்வெட்டும் ஒத்துப்போகவில்லை. உங்கள் கை அதை உணர்ந்துதான் நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். அந்த மூன்று வாரம் வீணாகவில்லை.

919ஆம் ஆண்டுக் கல்வெட்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. இரண்டே ஆண்டுகளில் அது 35 முதல் 70 வரை என்று ஆகிறது. ஒரு சபை தான் வகுத்த விதியை இவ்வளவு விரைவில் ஏன் திருத்தியது? எனக்கு இந்தக் கேள்வியே போதும், ஒரு மாதம் உட்கார்ந்துவிடுவேன். இரண்டு கல்வெட்டுகளிலும் எது நின்றது, எது மாறியது என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். கட்டுரையின் நடுப்பகுதி அங்கிருந்து பிறக்கும். முன்னுரையைக் கடைசி நாளில் எழுதுங்கள். நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன்.

மலர்க் கட்டுரை ஒரே இரவில் வந்தது என்கிறீர்கள். எழுதியது ஓர் இரவில் இருக்கலாம், ஆனால் அங்கே போய்வந்த நாளிலிருந்து அது உங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதற்குச் சட்டகம் தேவைப்படவில்லை, ஆனால் திருத்தி எழுதும் இரண்டாம் நாள் வேலை இன்னும் பாக்கி. பஸ் ஏறியது, இறங்கி இளநீர் குடித்தது, ஊரின் பெயர்க் காரணம் என்று ஒன்றரைப் பக்கம் போகிறது. அதன் பிறகுதான் அந்தக் கல்வெட்டுகள் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலில் ஒரு சிறுமி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தின் பள்ளத்தில் விரலை வைத்து, கோலத்தின் மேல் ஓட்டுவதுபோல மெதுவாக ஓட்டுகிறாள். அங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மலர் அச்சுக்குப் போக நாள் இருந்தால், முன்னால் உள்ள ஒன்றரைப் பக்கத்தையும் எடுத்துவிட்டு அந்த விரலிலிருந்து தொடங்கிப் பாருங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.