ஒரு வருஷத்திலேயே நடுவராகப் போகலாமா?

தம்பி, தாராளமாகப் போ. டல்லாஸுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, வேலைக்கான எச்1பி விசா, பேச்சில் ஊர் வாடை இன்னும் போகவில்லை. இந்த லட்சணத்தில் டெக்கா (DECA) என்ற மாணவர் வணிகப் போட்டியில் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு நெறிமுறையில் மார்க் போடலாமா என்று கேட்டிருக்கிறாய்.

விசாவை முதலில் பார்த்துவிடுவோம். எல்லோரும் சம்பளமில்லாமல் தொண்டாகச் செய்கிற வேலைக்கு எச்1பி தடையில்லை. சன்மானம் என்று செக் கொடுத்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடு. உறுத்தலாக இருந்தால் கம்பெனி வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

டெக்கா 1946-இலிருந்து இருக்கும் மாணவர் அமைப்பு. உன்னைக் கூப்பிட்டிருப்பது தொழில் சட்டமும் நெறிமுறையும் சேர்ந்த பிரிவுக்கு. இரண்டிரண்டு பேராக வருவார்கள். பிரச்சினையை எழுத்தில் கொடுத்து அரை மணி நேரம் தயாராக விடுவார்கள், அப்புறம் கால் மணி நேரம் உன் முன்னால் உட்கார வேண்டும். நீ அங்கே வெறும் நடுவர் இல்லை, வேஷமும் கட்ட வேண்டும். அந்தப் பிரச்சினையில் வரும் கம்பெனியின் மேலதிகாரி என்று உன்னை நினைத்துக்கொண்டு, கோட்டு போட்ட பிள்ளைகள் வந்து கை குலுக்குவார்கள். சிரிப்பு வரும், அடக்கிக்கொள்.

உதாரணத்துக்கு ஒன்று. ஒரு கடையின் ஆப், வாடிக்கையாளர் எங்கெங்கே போகிறார் என்ற விவரத்தை விளம்பரக்காரர்களுக்கு விற்கிறது என்று வைத்துக்கொள். ஒரு ஜோடி வந்து, "நிபந்தனைகளில் எழுதியிருக்கிறோம், அவர்களும் சம்மதம் கொடுத்துவிட்டார்கள், சட்டப்படி தப்பில்லை" என்று அழகாகப் பேசி முடிக்கும். அடுத்த ஜோடி கொஞ்சம் திக்கித் திணறும். ஆனால் அதில் ஒரு பெண், "அந்த நிபந்தனையை யாருமே படிப்பதில்லை என்று நமக்கே தெரியுமே சார்" என்று சொல்லி, விற்பதை நிறுத்தினால் எவ்வளவு வருமானம் போகும், அதை எங்கே ஈடுகட்டலாம் என்று கணக்கும் போடுவாள். என்னைக் கேட்டால் இரண்டாவது ஜோடிக்குத்தான் மார்க். மற்ற நடுவர்கள் முதல் ஜோடியின் பேச்சில் மயங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

நம்மூர்ப் பட்டிமன்ற நடுவர் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்புச் சொல்லும் வேலை இது இல்லை. உன் அபிப்பிராயம் யாருக்கும் தேவையில்லை. யாருக்கு நஷ்டம், யார் பதில் சொல்ல வேண்டும், சட்டம் எங்கே முடிகிறது என்று பிள்ளைகள் யோசித்தார்களா என்பதற்குத்தான் மார்க். அதற்கு மதிப்பெண் தாள் கையில் கொடுத்துவிடுவார்கள். கேட்க வேண்டிய கேள்விகளும் தாளிலேயே இருக்கும். ஒரு ஜோடியிடம் கேட்டதையே எல்லோரிடமும் கேள். முதலில் வருபவர்களுக்கு உச்ச மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்துவிட்டால் பின்னால் நல்லவர்கள் வரும்போது இடம் இருக்காது.

பேச்சு வாடையைப் பற்றிக் கவலையே வேண்டாம். புரியாவிட்டால் திரும்பக் கேட்பார்கள். உண்மையில் பதற்றத்தில் அந்தப் பிள்ளைகள் பேசும் வேகத்துக்கு நீதான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். வில்லங்கமான விற்பனையாளர், பில்லில் கைவைக்கச் சொல்லும் மேலாளர் என்று வேலையில் நாலு பேரைப் பார்த்தவன் நீ. அந்த அனுபவத்துக்காகத்தான் வெளியாட்களைக் கூப்பிடுகிறார்கள்.

ஒன்று மட்டும் ஜாக்கிரதை. டல்லாஸை ஒட்டிய ப்ளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் நம் பிள்ளைகள் இதில் நிறையக் கலந்துகொள்கிறார்கள். கதவைத் திறந்துகொண்டு உன் அபார்ட்மெண்ட் நண்பரின் மகன் "ஹாய் அங்கிள்" என்று வந்து நிற்கலாம். அவனும் நெளிவான், நீயும் நெளிவாய். "பரவாயில்லை, நியாயமாகத்தானே போடுவேன்" என்று உட்கார்ந்துவிடாதே, அதுவும் நெறிமுறைப் போட்டியில். அவன் பேச ஆரம்பிப்பதற்குள் எழுந்து போய் ஒருங்கிணைப்பாளரிடம் சொல், வேறு நடுவரிடம் அனுப்பச் சொல்லலாம்.