விமான இறக்கைக்குப் படகு ரெசின் போடலாமா?

கேள்வி: தஞ்சாவூருக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் விமானவியல் துறையின் பட்டறையைக் கவனித்துவருகிறேன். பறப்பதிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட, முழுக்கக் கண்ணாடி இழையால் ஆன இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம் ஒன்று பல ஆண்டுகளாக எங்கள் வளாகத்தில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. வெள்ளைப் பூச்சைத் தொட்டால் மாவுபோல் கையில் ஒட்டுகிறது. சக்கரக் கால் பொருந்தும் இடத்தைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல்கள். கிளை முறிந்து விழுந்ததில் இடது இறக்கை உள்ளங்கை அகலத்துக்கு அமுங்கியிருக்கிறது. நாகப்பட்டினத்தில் ஃபைபர் படகு கட்டும் மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “மேட்டும் ரெசினும் போட்டு ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன்” என்கிறார். அவரிடம் கொடுக்கலாமா? மாணவர்களை வைத்து நாங்களே செய்ய முடியுமா? பிற்பாடு பறக்கவைக்க வாய்ப்பு உண்டா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதைப் பொறுத்தே இருக்கிறது.

இந்த விமானம் என்றைக்காவது பறக்கும் என்ற எண்ணம் கல்லூரியில் யாருக்கேனும் இருந்தால், அதன்மேல் நீங்கள் உப்புத்தாள்கூட வைக்கக் கூடாது. பறக்கும் விமானத்தின் உடலில் செய்யும் பழுதுநீக்கம் தயாரிப்பாளரின் கையேட்டில் சொன்னபடி, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வின் ஒப்புதல் பெற்ற பராமரிப்பு நிறுவனத்தில், உரிமம் பெற்ற பொறியாளரின் கையெழுத்தோடு நடக்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் இத்தனை காலம் நின்றதை அந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைக் கல்லூரியால் தாங்க முடியாது. தாங்கினாலும் என் மாணவன் ஒருவனை அதில் ஏற்ற எனக்கு மனம் வராது. அந்த ஆசையை விட்டுவிட்டு, அதை முதல்தரமான பாட விமானமாக ஆக்குங்கள். விமானி அறையைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் ‘பறக்கத் தகுதியற்றது’ என்று சிவப்பில் எழுதிவையுங்கள். பதிவேட்டிலும் அதை ஏற்றுங்கள். நன்றாகத் தேய்த்துப் பூசிய கண்ணாடி இழை தன் காயத்தை அடியோடு மறைத்துவிடும். பத்து வருடம் கழித்து அதை ஏலத்தில் எடுப்பவர் பளபளப்பை நம்பி ஏமாந்துவிடக் கூடாது.

இனி நான் சொல்வதெல்லாம் தரையில் நிற்கப்போகும் விமானத்துக்கு.

அடுத்து மேஸ்திரி. 2004 சுனாமிக்குப் பிறகு நாகை கடற்கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றைக் கட்டியும் ஒட்டியும் கைபழகிய தொழிலாளர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். கண்ணாடி இழைத் துணியில் ரெசின் என்னும் இறுகும் பிசினை எவ்வளவு ஊறவிடுவது, காற்றுக்குமிழை உருளையால் எந்தப் பக்கம் தள்ளி வெளியேற்றுவது என்பதெல்லாம் அவர்கள் விரலில் இருக்கிறது. அந்தப் பழக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது. ஆகவே அவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள், மாணவர்களுக்குக் கற்றுத்தரச் சொல்லிக் கூலியும் கொடுங்கள். அவருடைய ரெசின் டின்னை மட்டும் கல்லூரி வாசலோடு நிறுத்திவிடுங்கள்.

‘பறக்காத விமானம்தானே, எந்த ரெசினாக இருந்தால் என்ன?’ என்று நிர்வாகத்தில் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. படகில் போடுவது பாலியெஸ்டர் ரெசின். முழுக்கக் கண்ணாடி இழையால் ஆன விமானங்களில் பெரும்பாலானவை எபாக்சி ரெசினால் கட்டப்பட்டவை. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கி, 1993-ல் முதன்முதலாகப் பறந்த ஹன்சா பயிற்சி விமானமும் அந்த வகையைச் சேர்ந்ததே. இறுகிய பாலியெஸ்டரின்மேல் எபாக்சி நன்றாகப் பிடிக்கும். இறுகிய எபாக்சியின்மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பட்டறையில் சக்கர மூடியில் இப்படிப் போட்ட ஒட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேலே கண்ணாடி போன்ற வழவழப்பு. ஓரத்தில் பேனாக்கத்தியை நுழைத்து ஒரு நெம்பு நெம்பியதும், தென்னம்பாளை கழன்று விழுவதுபோல் முழு ஒட்டும் ஒரே துண்டாகக் கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கத்தில் ஓர் இழைகூடக் கிழிந்திருக்கவில்லை. அதாவது அது ஒட்டவே இல்லை, அத்தனை நாளும் சும்மா உட்கார்ந்திருந்தது.

இதைவிடப் பெரிய ஆபத்து இறக்கைக்குள் இருக்கிறது. இவ்வகை இறக்கைகளில் இரண்டு மெல்லிய கண்ணாடி இழைத் தோல்களுக்கு நடுவே பெரும்பாலும் நுரை இருக்கும். சிலவற்றில் அது பி.வி.சி. நுரை, சிலவற்றில் பாலிஸ்டைரீன் நுரை. 1975-ல் பறந்த வாரி-ஈஸி என்ற சிறு விமானமும், வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் அந்தக் குடும்பத்து விமானங்களும் இறக்கையில் பாலிஸ்டைரீன் நுரையைக் கொண்டவை. பாலியெஸ்டர் ரெசினில் கலந்திருக்கும் ஸ்டைரீன் அந்த நுரையைத் தின்றுவிடும். மாணவர்களுக்கு இதைக் காட்ட எளிய வழி உண்டு. காற்றோட்டமான இடத்தில், அதே பாலிஸ்டைரீன் நுரையான தெர்மாகோல் துண்டு ஒன்றின்மேல் ஒரு கரண்டி பாலியெஸ்டர் ரெசினை ஊற்றுங்கள். கண்முன்னே குழி விழுந்து, பஞ்சுபோல் இருந்தது ஒட்டும் கூழாகிவிடும். இறக்கைக்குள் இது நடந்தால் வெளியே எதுவும் தெரியாது. தோல் மட்டும் வெற்றிடத்தின்மேல் மிதந்துகொண்டிருக்கும்.

விமானத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. கையேடும் கைவசம் இல்லையென்றால், அமுங்கிய இடத்திலிருந்து நகக்கண் அளவு நுரையைச் சுரண்டியெடுத்து ஒரு மூடி பெட்ரோலில் போட்டுப் பாருங்கள். கரைந்து பிசினானால் அது பாலிஸ்டைரீன்.

படகுக்காரர்கள் ‘மேட்’ என்று சொல்லும் நறுக்கு இழைப் பாயும் வேண்டாம். அந்த இழைகளைப் பிணைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்கென்று வைக்கப்பட்டது. எபாக்சியில் அது கரையாமல் விறைத்துக்கொண்டு நிற்கும். அதோடு மேட் நிறைய ரெசினைக் குடித்து எடையைக் கூட்டும். விமானத்துக்கு வேண்டியது நெய்த துணி, சதுர மீட்டருக்கு 160 முதல் 300 கிராம் வரை எடையுள்ளது.

மேஸ்திரியிடம் மாற்றச் சொல்லவேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. பாலியெஸ்டருக்கு, அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்டை மூடிக் கணக்கில் ஊற்றுவார்கள். வெயில் கடுமையானால் குறைப்பார்கள், மழைநாளில் கூட்டுவார்கள். எபாக்சியில் அது நடக்காது. எபாக்சியை இறுகவைக்கும் ஹார்ட்னரை அதிகமாக ஊற்றினால் சீக்கிரம் இறுகாது, அரைகுறையாக இறுகி என்றைக்கும் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். டின்னில் எழுதியிருக்கும் விகிதத்தை எலக்ட்ரானிக் தராசில் கிராம் கணக்கில் நிறுங்கள். கலந்ததைக் கிண்ணத்திலேயே வைத்திருந்தால் தானாகச் சூடேறிப் புகையும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, தட்டையான தட்டில் பரப்பிக்கொள்ளுங்கள். பாலியெஸ்டர் வேலை வளாகத்தில் வேறெங்காவது நடந்தால், இறுகுவதை வேகப்படுத்தச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள். தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்.

இப்போது விமானத்திடம் வருவோம். முதல் நாள் எதையும் தேய்க்க வேண்டாம். கனமான பழைய 5 ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து, மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதுபோல் இறக்கை முழுக்க அரை அங்குலத்துக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக்’கென்று சுருக்கமாகப் பேசும். தோல் நுரையிலிருந்து விட்ட இடம் ‘தொப்’பென்று அடங்கும். ஓசை மாறும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தால் சேதத்தின் வரைபடம் தானாக விழும். மேலே உள்ளங்கை அகலத்துக்குத் தெரியும் காயம், பென்சில் கோட்டில் இரண்டு உள்ளங்கையாக இருந்தால் வியக்க வேண்டாம். உள்ளே மரச்சட்டமோ விலா எலும்புபோன்ற குறுக்குச் சட்டமோ வரும் இடத்திலும் ஓசை மாறும். வலது இறக்கையில் அதே இடத்தைத் தட்டி ஒப்பிட்டால் குழப்பம் தீரும்.

நட்சத்திர விரிசல்களில்தான் அவசரம் கூடாது. வெயிலில் வறண்ட பூச்சு மட்டும் வெடித்திருக்கலாம். என்றோ கடுமையாகத் தரையிறங்கியதில் அடியிலுள்ள இழையே முறிந்திருக்கவும் கூடும். சக்கரக் காலைச் சுற்றி என்று சொல்வதால் எனக்கு இரண்டாவதன் மேல்தான் சந்தேகம். ஒரு விரிசலைத் தேர்ந்தெடுத்து, 120-ம் எண் உப்புத்தாளால் பூச்சை மட்டும் மெல்ல எடுங்கள். பூச்சு போனதும் கண்ணாடி இழை தேன்நிறத்தில், கொஞ்சம் ஒளி ஊடுருவும்படி தெரியும். உள்பக்கத்திலிருந்து ஒருவர் டார்ச் அடிக்கட்டும். ஒளி சீராக வந்தால் இழை நலமாக இருக்கிறது. வெள்ளைக் கீறலோ பால் சிந்தியதுபோல் மங்கலான திட்டோ தெரிந்தால், அங்கே இழை முறிந்திருக்கிறது அல்லது அடுக்கு பிரிந்திருக்கிறது. அதன்மேல் பட்டி பூசி மறைப்பது மாணவர்களுக்குப் பொய் சொல்லிக்கொடுப்பதற்குச் சமம். பூச்சை எடுக்கப் பெயிண்ட் ரிமூவர் மட்டும் கூடவே கூடாது. அது பூச்சோடு நிற்காமல் ரெசினையும் அரிக்கும்.

அமுங்கிய இடத்தில் நொறுங்கிய தோலை வெட்டியெடுத்ததும் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதுதான் உங்கள் கையேடு. திறந்தவெளியில் இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டுங்கள். ரெசின் எரிந்து போய்க் கண்ணாடித் துணி மட்டும் கரிபடிந்து மிஞ்சும். ஆறிய பின் ஊசியால் ஒவ்வோர் அடுக்காகப் பிரித்தெடுத்து, எத்தனை அடுக்கு, ஒவ்வொன்றும் எந்தத் திசையில் கிடந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இறக்கையில் பல அடுக்குகள் 45 டிகிரி சாய்வாகப் போடப்பட்டிருக்கும், முறுக்கத்தைத் தாங்க. புதிய அடுக்குகளும் அதே எண்ணிக்கையில், அதே திசையில் போக வேண்டும். என் அனுபவத்தில் மாணவர்கள் என்றைக்கும் மறக்காத பாடம் இதுதான்.

வெட்டிய ஓரத்தைச் செங்குத்தாக விடக் கூடாது. சரிவாகத் தேய்க்க வேண்டும்: தோலின் தடிமன் 1 மில்லிமீட்டர் என்றால் சரிவு குறைந்தது 20 மில்லிமீட்டர் நீளம் போக வேண்டும். சில கையேடுகள் 50 மடங்குகூடக் கேட்கும். சரியாகத் தேய்த்தால் ஒவ்வோர் அடுக்கும் மரத்தின் ஆண்டு வளையம்போல் வரிவரியாகத் தெரியும். நுரைக் குழியைக் மாவுபோன்ற கண்ணாடி நுண்மணிகள் கலந்த எபாக்சியால் நிரப்பி, மேலே துணி அடுக்குகளைப் போட்டு, கடைசியாக ஒரு நைலான் துணியை விரித்து மூடுங்கள். இறுகிய பின் அதை உரித்தால் பூச்சுக்கு ஏற்ற சொரசொரப்பான தளம் கிடைக்கும்.

டெல்டாவில் இந்த வேலைக்குப் பெரிய எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் எபாக்சி டின்னைத் திறக்கவே வேண்டாம். ஈரக்காற்றில் இறுகும் எபாக்சியின்மேல் மெழுகுபோல் ஒரு படலம் படியும். அதைக் கழுவாமல் அடுத்த அடுக்கைப் போட்டால் அது நிற்காது. மாசி, பங்குனியில், பனி விலகிய பின் காலை பத்து மணிக்குமேல் தொடங்குங்கள். ஈரமானி ஒன்று மலிவாகக் கிடைக்கும். அது 70 விழுக்காட்டுக்குமேல் காட்டினால் அன்றைக்கு வேலை இல்லை. படலம் படிந்துவிட்டால் வெறும் தண்ணீரும் தேய்ப்பானும் போதும், தின்னர் வேண்டாம். ஆனால் இழை திறந்திருக்கும் இடத்தில் தண்ணீரே படக் கூடாது. அங்கே உலர்ந்த தேய்ப்புதான்.

பூச்சு வெள்ளை மட்டுமே. கல்லூரியின் நீலத்தையும் சிவப்பையும் இறக்கைமேல் தீட்டும் ஆசை வரும், விட்டுவிடுங்கள். சாதாரண வெப்பத்தில் இறுகிய எபாக்சி 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் அடர்நிறப் பூச்சு அந்தச் சூட்டைத் தாண்டும். கண்ணாடி இழையால் ஆன, எஞ்சின் இல்லாமல் மிதக்கும் கிளைடர் விமானங்கள் வெள்ளையாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். நிறம் வேண்டுமென்றால் வாலில் ஒரு சிறு பட்டை போதும்.

இறக்கையின் பின்னோரத்தில் அசையும் பகுதிகளைப் பற்றி மாணவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள். பறக்கும் விமானத்தில் கீலுக்குப் பின்னால் நூறு, இருநூறு கிராம் பட்டியோ பெயிண்டோ கூடினால்கூட அந்தப் பகுதி வேகத்தில் படபடத்து விமானத்தையே பிய்த்துவிடக் கூடும். உங்கள் விமானம் பறக்காது என்றாலும், பூசுவதற்கு முன்னும் பின்னும் அவற்றை நிறுத்து எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

தேய்க்கும்போது என்-95 முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும், ரெசினைத் தொடும்போது நைட்ரைல் கையுறையும் கட்டாயம். எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் அந்த மாணவர் வாழ்நாள் முழுக்க இந்தத் தொழிலுக்குள் வர முடியாமல் போகலாம். கையில் பட்டால் சோப்பும் தண்ணீரும்தான். தின்னரால் துடைத்தால் அது ரெசினைத் தோலுக்குள் ஏற்றிவிடும்.

வேலை முடிந்ததும் விமானத்தை அந்த வேப்பமரத்தடிக்கே திருப்பி அனுப்பாதீர்கள். நான்கு பக்கமும் திறந்த ஒரு தகரக் கொட்டகை போதும். தார்ப்பாயைப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே வேகும். இறக்கையின் அடியிலும் வாலின் அடியிலும் தண்ணீர் வடிய ஊசித்துளைகள் இருக்கும். இத்தனை ஆண்டில் குளவி மண்வைத்து அவற்றை அடைத்திருக்கும். மெல்லிய கம்பியால் எல்லாவற்றையும் குத்தித் திறந்துவிடுங்கள். இந்த ஒரு வேலையை மாசி வரைக்கும் தள்ளிவைக்காமல் நாளைக்கே செய்யுங்கள். உள்ளே தேங்கிய நீர் வடிந்து உலர எப்படியும் சில வாரங்கள் ஆகும்.