பாசறைக்கு அனுப்பலாமா டீச்சர்? – கேள்வி பதில்

பாடசாலை லீவு வரும்போது, பிள்ளைகள் வீட்டை விட்டுத் தங்கும் பாசறைகள் பற்றிய கேள்விகளும் வந்துவிடுகின்றன. ஊவாப் பக்கத்தில் நீண்ட காலம் சாரணியர் பாசறைகளையும் பாடசாலைப் பாசறைகளையும் நடத்திய ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பதில் சொல்கிறார்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அப்பா: இரண்டு பிள்ளைகளையும் மலைநாட்டில் ஒரு பாசறைக்கு அனுப்ப ஆசை. எந்த மாதம் நல்லது? நுவரெலியாவா, பண்டாரவளையா?

ஆகஸ்ட் என்றால் யோசிக்காமல் பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளைப் பக்கம் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவில்தான் கொட்டுகிறது. ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா எல்லாம் நனைந்து கிடக்கும். மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது அந்தக் காற்றில் ஈரம் தீர்ந்து போயிருக்கும். ரயிலில் வந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நாட்டின் மிக உயரமான ரயில் நிலையமான பட்டிப்பொலையில் மூட்டமும் தூறலுமாக இருக்கும். சுரங்கத்துக்குள் நுழைந்து ஒஹியப் பக்கம் வெளியே வந்தால் வெயில். தினமும் அப்படித்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் நடக்கும் நாளில் பிள்ளைகள் போடும் கூச்சலைக் கேட்க வேண்டும்.

ஏப்ரலில் காலை அழகாக இருக்கும், அந்திக்கு இடிமின்னல் வரும். மலை நடையைப் பகல் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடும் பாசறையாகப் பாருங்கள். நுவரெலியாவில் அது சீசன் காலம், கூட்டமும் விலையும் சேர்ந்து ஏறும்.

டிசம்பர்? எனக்குப் பிடிக்காத மாதம். வடகீழ்ப் பருவமழை பதுளைப் பக்கத்தில் விழும், மண்ணும் இளகும். 2014 அக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண்சரிவில் நடந்ததையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் நடந்ததையும் மலையகத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் இடம் பிடிக்கிறவர்களிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு அம்மா: மகனுக்கு ஒன்பது வயது. ஒரு ராத்திரிகூட என்னைப் பிரிந்து இருந்ததில்லை. அழுவானே டீச்சர்?

அழுவான் அம்மா. பலரும் அழுவார்கள். முதல் நாள் புதுமையில் கழிந்துவிடும். பெரும்பாலும் இரண்டாம் நாள் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் தொண்டை அடைக்கும். அந்த நேரத்தில் கையில் வேலை இருக்கிற பிள்ளைக்கு அது சீக்கிரம் கடந்துபோகும். அதனால்தான் நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிக்கிற வேலையை வீட்டு நினைப்பு வந்த பிள்ளைகளிடம் கொடுப்போம். அழுதாலும் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம்.

நீங்கள் செய்யக்கூடாதது ஒன்று இருக்கிறது. "பிடிக்கவில்லை என்றால் சொல்லு, அம்மா வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். அன்போடுதான் சொல்வீர்கள். ஆனால் அதைக் கேட்ட பிள்ளை போனதிலிருந்து உங்கள் வருகையைத்தான் எண்ணிக்கொண்டிருப்பான். 'அவனால் இருக்க முடியாது என்று அம்மாவே நினைக்கிறார்' என்றும் அவனுக்குப் புரிந்துவிடும். அதற்குப் பதிலாக இப்போதே மாமா வீட்டிலோ சித்தி வீட்டிலோ இரண்டு இரவு விட்டுப் பாருங்கள், இடையில் போன் பேசாமல். ஒரு கடிதம் எழுதித் தலைவியிடம் கொடுத்து வையுங்கள், இரண்டாம் நாள் கொடுக்கட்டும். அதில் "நீ இல்லாமல் வீடே வெறிச்சென்று இருக்கு" என்று மட்டும் எழுத வேண்டாம். நாய்க்குட்டி என்ன செய்தது, யார் வீட்டில் கல்யாணம், அந்த மாதிரி எழுதுங்கள்.

படுக்கையில் சிறுநீர் போகிற பழக்கம் இருந்தால் மறைக்காதீர்கள். தலைவியிடம் தனியாகச் சொல்லி, இன்னொரு பெட்சீட்டும் கொடுத்துவிட்டால் போதும். அந்திக்கு மேல் பிளேன்டீயைக் குறைத்து, நடு இரவில் ஒரு தடவை எழுப்பிவிடுவோம். பக்கத்தில் படுத்திருக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியாது.

தலவாக்கலைப் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு அப்பா: நம்ம பிள்ளைகள் பிறந்ததே மலையில்தான். குளிர், அட்டை, விறகு அடுப்பு எல்லாம் தினமும் பார்க்கிறார்கள். டவுன் பிள்ளைகளுக்குச் சரி, எங்கள் பிள்ளைகளுக்கு எதற்கு டீச்சர் கேம்ப்?

நல்ல கேள்வி. இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

மலையில் பிறந்த பிள்ளைக்கு மலை எப்படித் தெரியும்? அம்மா கொழுந்து எடுக்கிற நம்பராக, அதாவது தேயிலைத் துண்டாகத் தெரியும். பாடசாலைக்கு ஏறி இறங்குகிற படியாகத் தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் குடும்பமே படுக்கிற வீட்டில், படிக்க ஒரு மூலை கிடைத்தாலே பெரிது. வேலை எதுவும் இல்லாமல் அந்த மலையில் சும்மா உட்கார்ந்து பார்க்க அந்தப் பிள்ளையை யாரும் விட்டதில்லை. பாசறையில்தான் பல பேருக்கு அது முதல் முறையாகக் கிடைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கலப்புப் பாசறைகளில் முதல் நாள் டவுன் பிள்ளைகள் புதுச் சப்பாத்தும் பெரிய பையுமாக வந்து இறங்குவார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் ஓரமாக நிற்பார்கள். மழை பெய்து விறகு நனைந்ததும் நிலைமை மாறும். ஈர விறகில் தீ மூட்டத் தெரிந்தவர்கள் யார்? காய்ந்த தேயிலை மிலாறை, அதாவது கவ்வாத்து வெட்டிய குச்சிகளை எங்கிருந்தோ தேடிக்கொண்டு வந்து, அடியில் வைத்து ஊதி, பத்து நிமிடத்தில் கேத்தலைக் கொதிக்க வைப்பது உங்கள் பிள்ளைதான். டவுன் பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு நிற்பான், அப்புறம் "எனக்கும் சொல்லிக்குடு" என்பான். அதற்குப் பிறகு ஓரமாக நிற்பதற்கு இடமே இல்லை.

சாரணியத்தின் முதல் பாசறையே இந்த எண்ணத்தில் நடந்ததுதான். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் அதை நடத்தியபோது, வசதியான பள்ளிக்கூடத்துப் பையன்களையும் தொழிலாளர் வீட்டுப் பையன்களையும் சேர்த்து, இருபது பேர் அளவில் அணிகளாகப் பிரித்துத் தங்க வைத்தார். ஐந்து வருடத்தில், 1912இல், சாரணியம் நம் மாத்தளைக்கு வந்துவிட்டது. மலைநாட்டில்தான் இலங்கையின் முதல் சாரணர்கள்!

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். புதிதாக எதுவும் வாங்காதீர்கள். கம்பளி, சுவெட்டர், தலைக்குத் தொப்பி, இரண்டு சோடி அதிகமாகக் காலுறை, தட்டு, கோப்பை, டோர்ச். உடுப்பைப் பையில் வைக்கும் முன் பொலித்தீனில் சுற்றுங்கள், நனைந்த கம்பளியோடு ஒரு ராத்திரி மோசமான ராத்திரி.

கண்டியிலிருந்து ஒரு அம்மா: மகளுக்குப் பதினொரு வயது முடிகிறது. அங்கே போன இடத்தில் பெரிய பிள்ளை ஆகிவிட்டால் என்ன செய்வது? மாமியார் இதைச் சொல்லியே தடுக்கிறார்.

நடந்திருக்கிறது, என் பாசறைகளிலும். பெண் தலைவிகள் உள்ள பாசறையில் இது பெரிய விஷயமே இல்லை. எங்கள் முதலுதவிப் பெட்டியில் பஞ்சுக்கு முன்னால் இருப்பது நெப்கின்தான். பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி, சுத்தம் சொல்லிக்கொடுத்து, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுத்து, வீட்டுக்கு அறிவிப்போம். வந்து கூட்டிப்போவதா, பாசறை முடிந்ததும் வீட்டில் சடங்கைப் பார்த்துக்கொள்வதா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. ஆனால் போகும் முன் மகளிடம் நீங்கள் பேசிவிடுங்கள். இதைப் பற்றி எதுவுமே தெரியாமல் வருகிற பிள்ளைதான் பயந்துபோகும். மாமியாரிடம், நாலு அக்காமார் பக்கத்தில் இருக்கும்போது நடப்பது நல்லதுதானே என்று சொல்லிப் பாருங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. யார் எங்கே படுக்கிறார்கள்? பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்க நேருமா? கழிவறைக்கு இரவில் யார் துணைக்குப் போவது? கூச்சப்படாமல் கேளுங்கள். நல்ல தலைவர் கோபிக்க மாட்டார், எழுதி வைத்ததையே காட்டுவார். சிறுவர் உதவிக்கான 1929ஐயும், இலவச அம்புலன்ஸுக்கான 1990ஐயும் மகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

பதுளையிலிருந்து ஒரு அண்ணன்: போன் கொண்டுபோக விடலாமா?

வேண்டாம். தலைவரிடம் ஒன்று இருந்தால் போதும்.

அப்புத்தளையிலிருந்து ஒரு இளம் உதவியாளர்: டொரொண்டோவில் இருக்கிற என் பெரியம்மா பிள்ளைகள் கோடை லீவில் வாரக்கணக்காகக் கேம்ப் போகிறார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக வருகிற பாட்டு, போட்டி, மார்ஷ்மெலோ சுடுவது எல்லாம் இருக்கிறதாம். இங்கே அப்படி எதை வைக்கலாம் டீச்சர்?

தம்பி, அவர்களுக்குக் கோடையில் இரண்டு மாதத்துக்கு மேல் லீவு. நமக்கு லீவு துண்டு துண்டாக வருகிறது. அமெரிக்காவில் கனெக்டிகட்டில் கன் என்ற ஆசிரியர் 1861இல் தன் மாணவர்களைக் கூடாரம் போட வைத்த நாளிலிருந்து அவர்களுக்கு அந்த வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. மார்ஷ்மெலோவைச் சுட்டு பிஸ்கட்டுக்கும் சொக்லேட்டுக்கும் நடுவில் வைக்கும் பண்டத்தின் செய்முறை 1927இல் அங்கத்திய சாரணியர் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. அவர்கள் கடையில் கிடைத்ததை அவர்கள் சுட்டார்கள். வெலிமடை உருளைக்கிழங்கும் சோளமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது நாம் எதற்கு மார்ஷ்மெலோ தேட வேண்டும்? தணலுக்குள் கிழங்கைப் புதைத்துவிட்டு, தோல் கருகியதும் கட்டைச் சம்பலோடு கொடுத்துப் பாருங்கள். வாய் சுட்டாலும் விட மாட்டார்கள்.

தீப்பாசறைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. தீ உயரமாக எரியும்போது சத்தமான பாட்டு, கைதட்டு, பைலா. சிங்களப் பிள்ளைகள் இருந்தால் பைலாவை அவர்களிடம் விட்டுவிடுங்கள், நமக்கு அவ்வளவு வராது. நடுவில் நாடகம். தீ தணியத் தணியப் பாட்டும் மெதுவாக வேண்டும். கடைசியில் திரும்பவும் ஆட்டம் போட்டால் நள்ளிரவு வரை ஒருவரும் தூங்க மாட்டார்கள், அடுத்த நாள் உங்கள் பாடு. நம்மிடம் தப்பு மேளம் இருக்கிறது, காமன் கூத்து இருக்கிறது. தாத்தாவோ மாமாவோ கூத்தில் வேஷம் கட்டிய பிள்ளை நிச்சயம் ஒன்று இருக்கும். முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ரதியும் மன்மதனும் வாதாடுகிற ஒரு துண்டைப் பாடினால் கூட்டமே அடங்கிவிடும். தப்பு அடிப்பதைக் கேலி செய்கிற பெரியவர் யாராவது இருந்தால் அவரை விறகு பொறுக்க அனுப்புங்கள்.

மற்றபடி வழக்கங்களைத் தாளில் எழுதிக்கொண்டு போகாதீர்கள். அவை பிள்ளைகளிடமிருந்து தானாக வரும். எங்களிடம் ஒரு வருடம் சோற்றைக் குழைய விட்ட அணி, பானைக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டுப் பாட்டுப் பாடியது. அடுத்த வருடம் வேறு பிள்ளைகள், அதே பாட்டு. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்கே தெரியாது. இப்படி நடக்க வேண்டுமென்றால் நாளில் ஒரு வெற்று நேரம் வேண்டும். இப்போது பல பாசறைகளில் காலை ஆறு முதல் இரவு பத்து வரை விரிவுரை, தலைமைத்துவப் பயிற்சி, சான்றிதழ். பாடசாலையைக் கூடாரத்துக்கு மாற்றியதுதான் மிச்சம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் எதுவும் வைக்காதீர்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு மாமா: அட்டைக்கும் குளவிக்கும் என்ன செய்வீர்கள்?

அட்டைக்குப் பயப்பட வேண்டாம். காலுறைக்கு மேல் காய்ந்த சோப்பைத் தேயுங்கள். கடித்தால் உப்புப் போட்டு விடுவியுங்கள், பிய்த்து இழுக்க வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க அது ஒன்றைச் சுரக்கிறது, அதனால்தான் சின்னக் கடிக்கும் நிறைய ஓடுகிறது. துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

குளவி வேறு. அதில் விளையாட்டே கிடையாது. இடம் பார்க்கப் போகும்போது பங்களாவில் விசாரிப்பதைவிட, அந்த மலையில் கொழுந்து எடுக்கிற அக்காமாரிடம் கேளுங்கள். எந்த மரத்தில், எந்தப் பாறையில் கூடு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும், தெரிந்தே ஆக வேண்டிய வேலை அவர்களுடையது. கூடு தெரிகிற இடத்துக்குப் பக்கத்தில் தீ மூட்டாதீர்கள், புகை பட்டால் கலையும். கல்லெறிகிற பிள்ளையை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பலாம். கலைந்துவிட்டால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு ஓட வேண்டும், கட்டடத்துக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும். பல இடத்தில் கொட்டியிருந்தாலோ மூச்சு வாங்கினாலோ வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நுவரெலியாவிலிருந்து ஒரு ஆசிரியர்: ஹோட்டன் சமவெளியில் பிள்ளைகளைத் தங்க வைக்கலாமா?

அது தேசிய பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் தங்க முடியாது. சின்னப் பிள்ளைகளுக்கு இரவுக் குளிரும் அதிகம். வெளியே தங்கி, விடியற்காலையில் கூட்டிப்போங்கள் சேர். சுற்று நடை ஏறக்குறைய 9 கிலோமீட்டர், பத்து மணிக்கெல்லாம் 'உலக முடிவு' என்கிற செங்குத்துப் பாறை விளிம்பை மூட்டம் மூடிவிடும். பொலித்தீன் பைகளை வாசலிலேயே எடுத்துவிடுவார்கள், சாப்பாட்டைப் பெட்டியில் கட்டுங்கள்.

பண்டாரவளையிலிருந்து ஒரு அம்மா: அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. டியூஷன் விட்டுப்போகுமே?

நாலு நாள்தானே அம்மா. அந்த நாலு நாளில் விடுபடுகிற பாடத்தைப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

பத்து வயதுத் தம்பி ஒருவர், அக்காவின் உதவியோடு: டீச்சர், ராத்திரி பேய்க் கதை சொல்வீங்களா?

சொல்வேன், ஆனால் என் கதையில் பேய் இருக்காது. தேயிலை பெக்டரியில் மெஷினைக் காவல் காக்கிற ரோதைமுனியின் கதைதான் வரும். கழிவறைக்குப் போக வேண்டியவர்கள் கதை தொடங்கும் முன்பே போய்விட்டு வந்துவிட வேண்டும், முடிந்த பிறகு யாரும் தனியாகப் போக மாட்டீர்கள், என்னைத்தான் எழுப்புவீர்கள்.