சீருடைப் படம் கேட்ட அந்நியர்

கேள்வி: நாங்கள் கோத்தகிரிக்கு அருகில் வசிக்கிறோம். நானும் கணவரும் காலையில் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றால் மாலையில்தான் திரும்புவோம். நான்காம் வகுப்பில் படிக்கும் மகன், பள்ளி விட்டதும் பாட்டியுடன் இருப்பான். வீட்டுப்பாடத்துக்காகக் கொடுத்த பழைய கைபேசியில் அவன் ஆடும் விளையாட்டில், பள்ளிச் சீருடையுடன் படம் அனுப்பினால் டைமண்ட் (அந்த விளையாட்டுக்குள் பொருள் வாங்க உதவும் பணம் போன்றது) தருவதாக யாரோ எழுத, அவனும் அனுப்பிவிட்டான். கைபேசியைப் பிடுங்கிவிட வேண்டும் என்கிறார் கணவர். என்ன செய்வது?
– ஒரு தாய், நீலகிரி

பதில்: அன்புச் சகோதரி, மகனே வந்து சொன்னானா, நீங்களாகக் கண்டுபிடித்தீர்களா என்று எழுதவில்லை. அவனே சொல்லியிருந்தால், கைபேசியைப் பிடுங்குவது உண்மை பேசியதற்கான தண்டனையாகவே அவனுக்குப் படும். அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டான். மறைத்திருந்தால், இந்தப் பயம்தான் அவனை மறைக்க வைத்திருக்கும். "வீட்டில் சொன்னால் ஃபோன் போய்விடும்" என்று குழந்தைகளை மிரட்டியே இத்தகையவர்கள் காரியத்தைச் சாதிக்கிறார்கள். ஆகவே, கேட்டவர் மீதுதான் தவறு என்பதையும், எதைச் சொன்னாலும் அடி விழாது என்பதையும் கணவரும் உடனிருக்க இன்றே மகனிடம் சொல்லுங்கள்.

உரையாடலை அழித்துவிடாதீர்கள். அந்த நபரின் பெயர், அடையாள எண், தேதி ஆகியவை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு, விளையாட்டிலேயே புகார் அளித்து அவரைத் தடை செய்யுங்கள். கணவர் கோபத்தில் அவருக்குப் பதில் எழுதுவதும் வேண்டாம். மலை ஊர்களில் சீருடையின் நிறத்தை வைத்தே எந்தப் பள்ளி என்று சொல்லிவிட முடியும் என்பதால், தலைமையாசிரியரிடம் விவரத்தைக் கூறி, மாலையில் மகனைப் பாட்டியுடன் மட்டுமே அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். ஆடையற்ற படம் கேட்டிருந்தாலோ, நேரில் வரச் சொல்லியிருந்தாலோ, மிரட்டியிருந்தாலோ ஒரு நாளும் தாமதிக்காமல் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காப்பதற்கென்றே 2012-இல் வந்த போக்சோ சட்டம் இருக்கிறது.

பள்ளியிலும் ஒன்று கேட்க வேண்டும். ஆண்டு விழாப் படங்களைக் குழந்தையின் பெயர், வகுப்புடன் வாட்ஸ்அப் குழுவில் பகிரும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு; நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனாலும் அந்நியருக்குத் தேவையான விவரம் முழுவதும் அதில் வந்துவிடுகிறது. அரசுப் பள்ளி என்றால், 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களே என்பதால், இதை அங்கே தயங்காமல் பேசலாம்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து முடித்து, கைபேசியை மகனிடம் தரும்போது, விளையாட்டில் உள்ள அரட்டை வசதியை நிறுத்தி வையுங்கள். கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி வழியாக மகனுக்குத் தனிக் கணக்கு தொடங்கினால், புதிய செயலி எதையும் உங்கள் அனுமதியின்றி அவன் இறக்க முடியாது. அனுமதி கேட்கும் செய்தி உங்கள் கைபேசிக்கு வரும். தோட்டத்தில் சிக்னல் கிடைக்காத நேரத்தில் அவன் மாலைவரை காத்திருக்க நேரலாம் என்பதை அவனிடமும் பாட்டியிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.