‘மிஸ்’ என்ற ஆங்கில வினையை இந்தியில் எப்படிச் சொல்வது?

‘மிஸ்’ என்றால், இருக்க வேண்டிய ஒன்று நம்மிடம் இல்லாமல் போவது. ஆங்கிலத்தில் பஸ்ஸையும் மிஸ் பண்ணலாம், அம்மாவையும் மிஸ் பண்ணலாம். இந்தி இரண்டையும் பிரித்துவிடுகிறது. பஸ்ஸுக்கு ‘பஸ் சூட் கயீ’, அதாவது பஸ் தவறிவிட்டது. ஆளுக்கு ‘முஜே தும்ஹாரீ யாத் ஆதீ ஹை’, அதாவது எனக்கு உன் நினைவு வருகிறது.

காரணம், இந்த வாக்கியத்தில் ‘யாத்’ என்ற நினைவுதான் எழுவாய். ஏக்கம் நாம் செய்வதல்ல, தானாக வருவது. பல் விழுந்த இடத்துக்கு நாக்கு திரும்பத் திரும்பப் போகுமே, அப்படி. தமிழிலும் ‘உன் ஞாபகம் வருது’ என்றுதானே சொல்கிறோம்! எனக்கு மிகப் பிடித்த ஒற்றுமை இது.

பேசுபவர் ஆண் என்றால் ‘ஆதா ஹை’ என்று மாற்ற வேண்டும் எனப் பலர் நினைக்கிறார்கள். ‘யாத்’ பெண்பால் சொல் என்பதால் யார் சொன்னாலும் ‘ஆதீ ஹை’தான்.